மாத்திரை போட்டால்தான் தேதி கிழியும்

என் பிள்ளைக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் உட்கார்ந்து உன் பொருளாதாரப் புத்தகத்தை எனக்கு விளக்கிச் சொன்னாய். மனிதன் என்பவன் தனக்கு எது நல்லது என்று தெரிந்தவன், எதிரே இருக்கிற எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்து அதில் சிறந்ததை எடுத்துக்கொள்கிறவன் என்று அதில் போட்டிருப்பதாகச் சொன்னாய். நான் சிரித்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்ற ஆள் எம்.ஏ. புத்தகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாரே என்று உனக்கு மூக்கு நுனி சிவந்தது. உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, தம்பி. இருபத்தாறு வருஷமாகத் தியாகராய நகரில் புடவைக் கவுண்டரில் நிற்கிறேன். அந்தப் புத்தகத்து மனிதன் ஒரு நாள்கூட என் கவுண்டருக்கு வந்ததில்லை. வந்திருந்தால் விற்பனையாள் என்று என்னை வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டிய அவசியமே முதலாளிக்கு இருந்திருக்காது.

நாளைக்கு நீ டில்லிக்குப் போகிறாய். நம் குடும்பத்தில் மேல்படிப்புக்கென்று ரயில் ஏறுகிற முதல் ஆள் நீதான். நம் மயிலாப்பூர்த் தெருவில் மூன்று பேரிடம் நானாகச் சொன்னேன். மற்றவர்கள் தாங்களே வந்து கேட்கும்படி கொஞ்சம் உரக்கச் சொன்னேன், அவ்வளவுதான். கடையிலும் சொன்னேன். பில் போடுகிறவர் இரண்டாம் தடவையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை முகத்தில் காட்டாமல் கேட்டார். பெருமைப்படுவதில் நான் கஞ்சத்தனம் காட்டுகிறவன் இல்லை, அது உனக்கே தெரியும். ஆனால் இந்தக் கடிதம் பெருமைக்காக மட்டும் எழுதுவது இல்லை. மனசு எப்படி மடங்கும், அதை எப்படி நம் பக்கம் திருப்பிக்கொள்ளலாம் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். அது தெரிந்திருந்தும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். என் உயிரும் உன் உயிரும் அதில் மாட்டிக்கொண்டன. நாம் இரண்டு பேரும் சேர்ந்து மாத்திரை போட்டோமே, அந்தச் சமாசாரம். அதில் உனக்குத் தெரியாத பாதி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் உன்னை ரயில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.

முதலில் கடையைப் பற்றிச் சொல்கிறேன், அப்போதுதான் மற்றது புரியும். ஒரு அம்மாள் வந்து, “சாதாரணமா ஏதாவது காட்டுங்க” என்பாள். நான் சாதாரணத்தை எடுக்க மாட்டேன். மேல்தட்டிலிருந்து முழு ஜரிகைப் பட்டு ஒன்றை உருவி, “வாங்க வேண்டாம்மா, சும்மா பாருங்க” என்று விரிப்பேன். அதன் விலையைக் கேட்டு அவள் மூச்சை உள்ளே இழுத்த பிறகு, நான் எடுத்துப்போடுகிற எல்லாமே அவளுக்கு மலிவாகத் தெரியும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது மனசில் வைத்திருந்த விலை எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியாது. இன்னொன்று, மூன்று புடவைக்கு மேல் கவுண்டரில் கிடக்க விடமாட்டேன். நாலாவதை எடுப்பதற்கு முன்னால் ஒன்றை மடித்து உள்ளே வைத்துவிடுவேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முப்பது புடவையைக் குவித்துவிட்டு, நிறையக் காட்டினோம் என்று நெஞ்சை நிமிர்த்துவார்கள். அந்த அம்மாள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, “சுத்திட்டு வரோம்” என்று எழுந்து போய்விடுவாள். சுற்றிவிட்டு வருகிறேன் என்று போனவர்கள் திரும்பி வந்ததாக எனக்கு நினைவு இல்லை. கண்ணாடி முன்னால் நிறுத்தித் தோளில் ஒரு தரம் போட்டுவிட்டால், அது அப்புறம் அவளுடைய புடவை. திரும்ப வாங்கி மடிக்கும்போது தன் பொருளை நான் பிடுங்குகிற மாதிரி பார்ப்பாள். இதெல்லாம் ஏமாற்று வேலை என்று நீ சொல்லலாம். சில சமயம் ஏமாற்றுத்தான், ஒத்துக்கொள்கிறேன்.

இதில் என் தப்பு என்னவென்றால், இதெல்லாம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்குத்தான் என்று நினைத்தேன். இந்தப் பக்கம் நிற்கிற நான் விவரமானவன், என்னை யாரும் மடிக்க முடியாது என்று ஒரு திமிர். மற்றவன் மனசைத் தினமும் மடித்து மடித்துப் பழகியவனுக்குத் தன் மனசும் அதே துணிதான் என்று தோன்றவே தோன்றாது.

அறுபத்தெட்டாம் வருஷம் எனக்கு டி.பி. என்று சொன்னார்கள். நீ அப்போது நாலாம் வகுப்பு. சர்க்கார் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் ஊசி, அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார்கள். காலையில் மூன்று, மத்தியானம் மூன்று. ஒவ்வொன்றும் சட்டைப் பித்தான் அளவுக்கு இருக்கும். விழுங்கிய பிறகு ஒரு மணி நேரம் வயிற்றைப் பிரட்டும். கடையில் மூச்சு விடவில்லை. டி.பி. என்று தெரிந்தால் ஆளைப் பட்டுப் பக்கம் நிற்க விடுவார்களா, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். நாலு மாதத்தில் இருமல் போய்விட்டது. சட்டை இறுக்கமாகிற அளவுக்கு உடம்பு தேறிவிட்டது. மாத்திரையை நிறுத்துவது என்று நான் ஒரு நாளும் முடிவெடுக்கவில்லை. இதை நன்றாகக் கவனி. தீபாவளி வியாபாரத்தில் ஒரு மத்தியானம், ‘கூட்டம் குறையட்டும், அப்புறம் போட்டுக்கொள்ளலாம்’ என்று நினைத்தேன். அவ்வளவுதான் நடந்தது. என் மாத்திரையைப் பார்த்து நானே, சுற்றிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அன்றைக்கு எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் வினை. ஏதாவது ஆகியிருந்தால் மறுநாள் ஒழுங்காகப் போட்டிருப்பேன். இரண்டாம் நாள் விடுவது இன்னும் சுலபமாக இருந்தது. பத்தாம் நாள் அது பழக்கமாகவே ஆகிவிட்டது. ஆனால் உன் அம்மா தினமும் கேட்பாளே, “மாத்திரை போட்டீகளா?” என்று. அவளுக்குக் கவலை வேண்டாம் என்று நான் செய்ததைக் கேள். மத்தியானத்து மாத்திரையைக் கடைக்கு எடுத்துப்போய் பின்பக்கச் சாக்கடையில் போட்டேன். காலை மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய் அதையும் அங்கேயே போட்டேன். டப்பா சரியான நாளில் காலியானது. காலி டப்பாவை அவளிடம் திறந்து காட்டினேன். கெட்டிக்கார விற்பனையாளன், கட்டிய மனைவியிடமே வியாபாரம் செய்துவிட்டேன். இப்படி ஒன்பது மாதம்.

மறு வருஷம் ஆவணி முகூர்த்தக் கூட்டத்தில் ஒரு கல்யாணப் பெண் வீட்டாருக்குச் சந்தன நிறப் பட்டை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். இருமல் வந்தது. முகத்தைத் திருப்பத்தான் திருப்பினேன். திரும்பிப் பார்த்தால் முந்தானைப் பக்கத்தில் குங்குமப்பொட்டு அளவுக்கு ரத்தம். என் கை என்ன செய்தது தெரியுமா? சட்டென்று அந்தப் புடவையை மடித்தது. “இது டேமேஜ் பீஸும்மா, வேற காட்டுதேன்” என்று என் வாய் சிரித்துக்கொண்டே சொன்னது. புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கிற காதர் பாய் பக்கத்தில் நின்றிருந்தார். உனக்கு ரம்ஜானுக்குப் பிரியாணி அனுப்புகிற அதே காதர் பாய்தான். அவர் என் கையைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். “இன்னா அண்ணாச்சி, வாய்ல ரத்தம் கீது, நீ இன்னாடான்னா பொடவ மடிச்சிகினு கீற” என்றார். அப்போதுதான் நான் வாயைத் துடைத்துக்கொண்டேன்.

முதலாளியிடம் பாய்தான் போய்ப் பேசினார். வேலை போகவில்லை. இனி யாருக்கும் ஒட்டாது என்று ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி வருகிறவரை பின்கட்டுக் கிடங்கில் தனியாக உட்கார்ந்து துணிக்கு எண் போடு என்று முதலாளி சொல்லிவிட்டார். இதைச் சொல்ல எவ்வளவு பயந்தேன், சொன்ன பிறகு எவ்வளவு சின்னதாகப் போயிற்று என்று நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது. ஆஸ்பத்திரி சிஸ்டர் என் பழைய மருந்துச் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஒழுங்கா சாப்பிட்டவருக்கு நோய் இப்படித் திரும்பி வராதே” என்றார். நான் தரையைப் பார்த்தேன். “இந்தத் தடவையும் பாதியில விட்டீங்கன்னா, அப்புறம் இந்த மருந்து உங்களுக்குக் கேக்காது. அதுக்கப்புறம் என்கிட்ட கொடுக்க ஒண்ணும் இல்ல” என்றார். வீட்டில் இருக்கிற எல்லாரையும் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுக்கக் கூட்டிவரச் சொன்னார். உன் அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. உன் படத்தில் இடது பக்கம், விலா எலும்புக்குக் கீழே, ஒரு நிழல் இருந்தது.

உனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் யாரிடமிருந்தாவது ஒட்டியிருக்கும் என்று உன்னிடம் சொன்னோம். அதை முதலில் சொன்னது நான். இல்லை தம்பி. என்னிடமிருந்துதான் வந்தது. நாலு மாதத்தோடு நான் மாத்திரையைச் சாக்கடையில் போட ஆரம்பித்ததால் வந்தது. ஒழுங்காகப் போட்டு முடித்திருந்தால் உன் நெஞ்சில் அந்த நிழல் விழுந்திருக்காது. பத்து வருஷமாக இந்த வாக்கியத்தை மனசுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். இப்போது மையில் எழுதிவிட்டேன், இனி அழிக்க முடியாது.

அன்றைக்கு அந்த அறையில் நீ சிஸ்டரிடம் கேட்டது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. “முழுசா போட்டா நல்லாயிடுமா?” என்று கேட்டாய். ஆகிவிடும் என்றார். “முழுசான்னா எதுவரைக்கும்?” என்றாய். அவர், “ஒன்றரை வருஷம்னு நினைக்காத. பொங்கல் வரைக்கும் போடு. பொங்கல் அன்னிக்கு வந்து என்கிட்ட கேளு, அடுத்தது சொல்றேன்” என்றார். நல்ல விற்பனையாளர் அந்த அம்மாள். ஒன்றரை வருஷத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டுப் பொங்கலை மட்டும் கவுண்டரில் விரித்தார். எனக்கு அங்கேயே உறைத்தது. பதினாறு வருஷமாக நான் செய்துவந்த வேலையை அவர் என் பிள்ளைமேல் அவன் உயிருக்காகச் செய்துகொண்டிருந்தார். நான் அதை எனக்காக ஒரு நாளும் செய்துகொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அலமாரியின் மேல்தட்டில், பழைய வேட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த மாத்திரை டப்பாவை எடுத்தேன். கண்ணுக்குத் தெரியாத சரக்கு விற்காது என்று தெரிந்தவன் மாத்திரையை மட்டும் ஒளித்து வைத்திருந்தேன், வருகிறவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று. அதைக் கொண்டுபோய்க் காப்பிப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் முதல் உன் அம்மா டபராவில் மூன்று மாத்திரையை வைத்து, அதன் மேல்தான் காப்பி டம்ளரை வைத்துக் கொடுத்தாள். மாத்திரையைத் தொடாமல் காப்பி ஆற்ற முடியாது. காப்பி இல்லாமல் எனக்குக் காலை விடியாது. மத்தியானத்துக்கு உள்ளதை டிபன் கேரியரில் மேல் அடுக்கில் தனியாக வைத்தாள். சோற்றைத் தொட வேண்டுமானால் மாத்திரையைக் கையில் எடுத்தாக வேண்டும். காதர் பாய் ஒரு மணி அடித்ததும் தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கிடங்குக்கு வந்து நிற்பார். “போட்டியா? வாயத் தொற” என்பார். நாற்பது வயது ஆள் நான், வாயைத் திறந்து காட்டுவேன். மனஉறுதி என்று ஒன்று எனக்கு அப்போதும் கிடையாது, இப்போதும் கிடையாது. மறப்பதற்கு வழியில்லாமல் செய்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஆனால் காலண்டர் சட்டம் உன்னுடையது. கடையில் கொடுத்த தினசரி காலண்டர் சுவரில் தொங்கியது. காலையில் தாளைக் கிழிப்பது உன் உரிமை, அதற்காக எழுந்ததும் ஓடுவாய். ஒரு நாள் கிழிக்கப் போனவன் நின்று, “ரெண்டு பேரும் போட்டாதான்பா கிழிக்கணும்” என்றாய். “போடலைன்னா?” என்று கேட்டேன். “அப்ப அந்தத் தேதி போவாது” என்றாய். விளையாட்டு என்று நினைத்தேன். உன் அம்மா மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பால்காரர் கணக்குக் கேட்டால்கூட, “இருங்க, இன்னும் நேத்தைக்குத்தான் ஆகுது” என்பாள்.

பொங்கல் போயிற்று, சித்திரையும் போயிற்று. உடம்பு தேறியது, சீட்டும் வாங்கிவிட்டேன், கவுண்டருக்குத் திரும்பிவிட்டேன். அடுத்த தீபாவளி வந்தது. அப்போது நைலக்ஸ் புடவை மோகம், கடை வாசலில் கயிறு கட்டி ஆளை உள்ளே விடுவார்கள். ஒரு நாள் விடிவதற்கு முன்னாலேயே கூப்பிட்டுவிட்டார்கள். காப்பி குடிக்காமல் ஓடினேன். டிபன் கேரியர் வேண்டாம், கடையிலேயே சாப்பாடு என்றேன். பாயும் அன்றைக்குத் தையல் குவிந்து தலை நிமிரவில்லை. ஒரு நாள்தானே, ராத்திரி போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பார், அதே தீபாவளி, அதே வார்த்தை. ஒரு வருஷம் ஒழுங்காக இருந்துவிட்டோம், இனி ஒன்றும் ஆகாது என்று ஒரு தைரியம். ஒழுங்காக இருந்ததற்குப் பரிசாக ஒழுங்கீனத்தைக் கேட்கும் மனசு.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். மயிலாப்பூர் மாமி ஒருவர் பெண்ணின் தலைதீபாவளிக்குப் பட்டு எடுத்துக்கொண்டிருந்தார். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உன் அம்மா வருகிறாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு நீ. உன் இன்னொரு கையில் மாத்திரை டப்பா. உன் முகம் வாடிப்போயிருந்தது. “நான் என்ன செய்ய? நீங்க போடாம அவனும் போட மாட்டேங்கான். காலையில இருந்து அப்படியே இருக்கான்” என்று அம்மா அழுகிற குரலில் சொன்னாள். நீ அழவில்லை. டப்பாவைப் பட்டுப் புடவைமேல் வைத்து, “இன்னும் நேத்தைக்குத்தான்பா இருக்கு” என்றாய். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டி.பி. டப்பா எப்படி இருக்கும் என்று அந்தக் காலத்தில் மெட்ராஸில் தெரியாதவர்கள் குறைவு. இந்தக் கவுண்டரில் இது தெரிந்துவிடக் கூடாது என்றுதானே முதல் தடவை யாரிடமும் மூச்சு விடாமல் இருந்தேன்.

மாமி டப்பாவைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். புடவையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார், எழுந்து போவார் என்று நினைத்தேன். அவர் கூஜாவைத் திறந்து மூடியில் தண்ணீர் ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். “குழந்தை காத்துண்டிருக்கான், மொதல்ல போட்டுண்டுடுங்கோ. எங்காத்துலயும் இந்த டப்பா ரெண்டு வருஷம் இருந்துது. புடவை எங்க போயிடப்போறது” என்றார். நான் போட்டேன். நீ உன்னுடையதைப் போட்டாய், அதே மூடியில் தண்ணீர் குடித்தாய். பிறகு அரை டிராயர் பையிலிருந்து மடித்து வைத்திருந்த தேதித் தாளை எடுத்தாய். காலண்டரைப் பிடித்திருந்த கம்பி ஊசியை நெம்பி, தாளைக் கிழியாமல் கழற்றிக் கொண்டுவந்திருக்கிறாய். என் முன்னால் வைத்துக் கிழித்தாய். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மாமி தலையைக் குனிந்து ஜரிகையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து கடைசி நாள்வரை நான் ஒரு வேளைகூடத் தவறவில்லை. என் உயிர் என்று சொன்னால் எனக்குத் தள்ளிப்போட வாய் இருந்தது. என் மாத்திரைக்குப் பின்னால் உன் மாத்திரை காத்துக்கொண்டு நிற்கிறது என்று ஆன பிறகு வாய் இல்லை.

நெஞ்சு சுத்தமாகிவிட்டது என்று சிஸ்டர் இரண்டு படத்தையும் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியது உனக்கே ஞாபகம் இருக்கும். அதனால் டில்லியில் உனக்கு நான் சொல்வதெல்லாம் இந்த ஒரு படிப்பிலிருந்துதான். உன்னை நீ ரொம்ப நம்பாதே. நல்லவன்தான் நீ, கெட்டிக்காரன்தான். ஆனாலும் நம்பாதே. எழுந்ததும் படிக்க வேண்டும் என்றால், படுக்கப் போகிறபோதே புத்தகத்தை அந்தப் பக்கத்தில் திறந்து நாற்காலியில் வைத்துவிட்டுப் படு. உட்கார வேண்டுமானால் அதைக் கையில் எடுத்தாக வேண்டும். எதையாவது வாங்கப் போனால் விலையை வீட்டிலேயே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பையில் வைத்துக்கொள். கடைக்காரன் மேல்தட்டில் கை வைத்தால் அந்தக் காகிதத்தைத் தொட்டுப் பார். பனகல் பார்க் முனையில் நீ சிகரெட் பிடிக்கிறாய். யாரும் கோள் சொல்லவில்லை, நானே பார்த்தேன். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு சிகரெட் பிடிக்கிறாயே என்று அன்றைக்குச் செருப்பைக் கழற்றத் தோன்றியது. இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் எல்லாம் செய்யாதே. சத்தியம் செய்தவன் ஒன்று பிடித்துவிட்டால், எல்லாம் போயிற்று என்று பாக்கெட் வாங்குவான். சிகரெட் விற்கிற இடத்தில் டீ குடிக்காதே, அது போதும். புது ஊரில் புது வழியில் நடப்பது சுலபம், முதல் வாரத்திலேயே நல்ல வழியாகப் பார்த்துப் பிடித்துக்கொள். உன் பெட்டியில் பன்னிரண்டு இன்லண்ட் லெட்டர் வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் நம் விலாசம் எழுதியாகிவிட்டது. ஒரு வரி எழுதி ஒட்டிப் பெட்டியில் போட வேண்டியதுதான் உன் வேலை.

போன வாரம் அட்மிஷனுக்காக உடம்பைக் காட்டி சர்டிபிகேட் வாங்க அடையாறில் ஒரு டாக்டரிடம் போனோம் இல்லையா? படத்தில் இருந்த பழைய தழும்பைப் பார்த்து அவர் கேட்டார். நீ தயங்கவில்லை, குரலைக் குறைக்கவில்லை. “சின்ன வயசுல டி.பி. சார். முழுசா முடிச்சாச்சு” என்றாய். “முழுசா முடிக்கறவங்க கம்மிப்பா” என்றார் டாக்டர். நீ என்னைக் கைகாட்டி, “எங்கப்பாதான் சார் காரணம். அவருக்கும் இருந்துது. ஒரு நாள்கூட விடமாட்டாரு, அதனாலதான் நானும் விடல” என்றாய். டாக்டர் எழுந்து எனக்குக் கை கொடுத்தார். நானும் கை கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதேதோ பேசிக்கொண்டே வந்தாய். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வந்தேன்.

நேற்று இதுவரைக்கும் எழுதிவிட்டு, முதலில் உன் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். சாக்கடை விஷயம் அவளுக்கே தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படித்து முடித்துவிட்டு, “உங்க சட்டைப்பையில மாத்திரைத்தூள் ஒட்டியிருக்கும். துவைக்கது நாந்தான?” என்றாள். பிறகு, “நீங்க ஆமான்னு சொன்னதும் விட்டுட்டேன். சட்டையத் தூக்கிக் காட்டிக் கேட்டிருக்கணும்” என்று சொல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். உன்னிடம் அவள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “அது நீங்க சொல்ல வேண்டியது” என்றாள். இன்றைக்கு ஸ்டேஷனில் உன் முகத்தைப் பார்த்தால் இதைப் பிடுங்கிக்கொண்டு, அப்புறம் சொல்லலாம் என்று வந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் கடிதம் இனி அவள் கையில்தான் இருக்கும், நான் கேட்டாலும் கொடுக்காதே என்று சொல்லிவிட்டேன்.

கோபம் வந்தால் கோபப்படு, அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. இனி எந்த ஊரில் எந்த டாக்டர் கேட்டாலும், அடையாறில் சொன்னதை மட்டும் சொல்லாதே. எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது, அவர் பாதியில் விட்டவர், பதினொரு வயதில் நான்தான் அவரையும் சேர்த்து முடிக்க வைத்தேன் என்று சொல்.

உன் அப்பா